முனிக்குப் போட்ட சோறு

அங்கப்பன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில். அதற்குச் சாட்சி சொல்ல அம்மா இருந்தாள், மருத்துவச்சி இருந்தாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் இருந்தார்கள். காகிதம்தான் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் எரிந்தபோது அதுவும் சேர்ந்து எரிந்தது. அப்பா சயாம் ரயில் பாதை போடப் போனவர், அங்கேயே போய்ச் சேர்ந்தார். நாடு விடுதலையான பிறகு எல்லாரும் வரிசையில் நின்று நீல அடையாளக் கார்டு வாங்கினார்கள். இவனுக்குச் சிவப்பு கிடைத்தது. சிவப்பு என்றால் இங்கே இருக்கலாம், இந்த நாட்டுக்காரன் இல்லை. அப்படியானால் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் கவுண்டரில் இருந்தவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான். கப்பலைக் கண்ணால் கண்டிராத ஒருவனை இந்தியாக்காரன் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அறுபத்தொன்பதுக்குப் பிறகு சிவப்பு வைத்திருக்கிறவனுக்கு வேலை செய்யவும் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்துத் துரை கையை விரித்துவிட்டார். அங்கப்பன் பெண்டாட்டி காத்தாயியையும் மகள் பூங்கோதையையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிரிக் டவுனுக்கு வந்து சேர்ந்தான். அங்கே காத்தாயியின் தம்பி குழந்தைவேலு இருந்தான். நீலக் கார்டுக்காரன், வாய்ச்சாலகன், காட்டைக் கிழித்துக் கிழக்குக் கரைக்குப் போடுகிற புது ரோட்டில் பாறைக் கோஷ்டியில் ஜாக்கம்மர் பிடிக்கிறவன்.

"மச்சான், அங்க ஒருத்தனும் கார்டு கேக்கமாட்டான்" என்றான் குழந்தைவேலு. "உசிரு இருக்கான்னு மட்டும் பாப்பான். இருந்தா எடுத்துக்குவான்."

பொய்யில்லை. அந்த ரோட்டுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களை அடக்கத்தான் அந்த ரோடே. பட்டாளத்து லாரி ஒரு பகலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று தலைநகரில் வரைபடத்தின் மேல் கோடு இழுத்தார்கள். கோட்டை இழுப்பது சுலபம். அதன் மேல் நின்று பாறை உடைக்கிறவனுக்குத்தான் மலேரியா, அட்டை, யானை, கண்ணிவெடி எல்லாம். காட்டுக்குள் இருந்தவர்களை, அந்த ரோட்டில் வேலை செய்த நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "உள்ள இருக்கறவங்க" என்போம். அதுவும் மெதுவாக.

அங்கப்பன் வேலையில் கெட்டி. துளை போடுவது, வெடிமருந்து திணிப்பது, திரி வைப்பது எல்லாவற்றையும் ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டான். சின்ன வயசு இன்ஜினியர் ஒருவர் அவன் வேலையைப் பார்த்துவிட்டு ஒருநாள் தோளில் தட்டிச் சொன்னார்: "ரோடு முடியற வரைக்கும் நில்லு. நீல ஐசி கார்டுக்கு நானே எழுதித் தரேன்." அன்று சாயங்காலம் கொங்சிக்கு, அதாவது எங்கள் நீளக் கொட்டகைக்கு வந்தவன் சாப்பிடக்கூட இல்லை. காத்தாயியிடம் திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

"ஒனக்கு நீலம், புள்ளைக்கு நீலம். எனக்கும் வந்துட்டா நம்மள ஒருத்தனும் எந்திரின்னு சொல்லமுடியாதுடி."

"மொதல்ல எந்திரிச்சு சோத்த தின்னுங்க" என்றாள் காத்தாயி.

சோறு. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே இருக்கிறவர்களைப் பட்டினி போட்டே வெளியே கொண்டுவருவது என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அதனால் முகாமில் ஒரு பிடி பச்சரிசியை எவனும் பையில் வைத்திருக்கக் கூடாது. வெந்த சோறுதான், அதுவும் முள்கம்பிக்கு உள்ளேயே தின்ன வேண்டும். மீன் டின்னைக் கொடுக்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், நாளைக்கு வைக்க முடியாதபடி. கடலைப் பொட்டலம் வாங்கினால்கூடச் சிப்பாய் எட்டிப் பார்ப்பான். மிச்சச் சோறு வெளியே போனால் ஆளும் ஜெயிலுக்கு உள்ளே போவான் என்பது சட்டம்.

அப்படிப்பட்ட இடத்தில் முனி எப்படி வந்தார் என்று கேட்டால், பயத்தில் வந்தார்.

மலைச்சரிவு ஒன்றில் ரோடு வளைகிற இடத்தில் ஒரு துவாலாங் மரம் நின்றது. நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அதைச் சுற்றி ஒன்று மாற்றி ஒன்று கெட்டது. புல்டோசர் இரண்டு தடவை உருண்டது. துளை போட்ட கம்பி உள்ளேயே ஒடிந்தது. கடைசியில் சாலே என்கிற கெடா மாநிலத்து மலாய்க்காரன், நல்ல மனுஷன், எல்லாருக்கும் சுருட்டுப் புகையிலை பங்கு போடுகிறவன், புல்டோசரோடு கண்ணிவெடியில் ஏறினான். அவனைப் பொறுக்கி எடுத்த அன்று கோஷ்டி முழுக்க உட்கார்ந்துவிட்டது. தமிழன், மலாய்க்காரன், சீனன் எவனும் எழுந்திருக்கவில்லை.

காவலுக்கு இருந்த பட்டாளத்துக்குச் சார்ஜன் ஜக்காரியா பொறுப்பு. அவர் முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு தானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எடம் சரியில்ல சார்ஜன்" என்றான் குழந்தைவேலு. "இங்க ஆள் இருக்கு. ஆள்னா ஆள் இல்ல. உங்காளுங்க பயப்படற டத்தோ மாதிரி. எங்களுக்கு முனி. அவருக்கு சேர வேண்டியத குடுக்காம அவர் வாசல்ல மெஷின ஓட்டறோம்."

"குடுத்தா வேலை நடக்குமா?"

"நடக்கும்."

"அப்ப குடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு ஒண்ணும் தெரியாது என்ற அந்த வார்த்தையை எல்லாரும் கேட்டார்கள். அங்கப்பன்தான் அதை அனுமதி என்று நம்பினான்.

மூன்று கல் நட்டார்கள். ஒடிந்த துளைக்கம்பிகளைப் பற்றவைத்துச் சூலம் செய்தார்கள். பூசாரி யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் அங்கப்பனைப் பார்த்தார்கள். சின்ன வயதில் தோட்டத்து முனிக்குக் கிடா வெட்டும்போது அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிகிற நேரத்தில் இலையில் சோறு, கோழிக்குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு கால் பாட்டில் சம்சு சாராயம், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அங்கப்பன் பிறந்த தோட்டத்து வழக்கப்படி முனி படையலில் உப்புச் சேர்க்கக் கூடாது. வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால் பின்னால் பார்க்கவே கூடாது. பார்த்தால் முனி சாப்பிடமாட்டார், பார்த்தவனையும் விடமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துணைக்கு வந்த சிப்பாய்களும் பார்க்கமாட்டார்கள். காட்டைக் கண்காணிக்கத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்து பிடித்துக்கொண்டவர்களைப் போல நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

மறுநாள் காலை இலை துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எலும்புகூட இருக்காது.

"சாமி நல்லா தின்னுது மச்சான்" என்பான் குழந்தைவேலு. "போற போக்க பாத்தா அடுத்த வாரம் முட்டை ரெண்டு கேக்கும்."

"வாய கழுவுடா" என்பான் அங்கப்பன்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ஒரு கெட்டது நடக்கவில்லை. அந்தப் பக்கம் கிழக்கே இருந்த கோஷ்டியில் லாரியைக் கொளுத்தினார்கள், சர்வேயரைச் சுட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு கூழாங்கல் உருளவில்லை. சார்ஜன் ஜக்காரியா ரகசியமாக ஒரு சிகரெட் பாக்கெட்டை அங்கப்பனிடம் கொடுத்து, "உங்க ஆளுக்கு வை" என்றார். சீனத் தலைக்கங்காணி ஊதுவத்தி கொண்டுவந்தார். எல்லாருக்கும் முனி வேண்டியவராகிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கப்பன் தன் பாராங் கத்தியைக் கல்லின் மேலேயே மறந்துவிட்டு வந்தான். கோழி நறுக்கிய கத்தி. பாதி வழியில் ஞாபகம் வந்தது. பட்டாளத்துக் கண்ணில் பட்டால் வெளியே விட்ட கத்திக்குக் கேள்வி வரும், இன்ஜினியர் காதுக்குப் போகும், நீலக் கார்டு பேச்சு அதோடு முடிந்துவிடும். மற்றவர்களை முன்னால் போகவிட்டு ஒண்ணுக்குப் போகிறவனைப் போல ஒதுங்கித் திரும்பினான். தலையைக் குனிந்துகொண்டுதான் போனான். ஆனால் கல்லுக்குக் கிட்டே போய்க் கத்தியைத் தேடுகிறவன் எவ்வளவு நேரம் குனிந்துகொண்டிருக்க முடியும்?

ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். சீனத்தி போலவும் இருந்தாள், காட்டுச் சாதிப் பெண் போலவும் இருந்தாள். பச்சைச் சட்டை, காலில் துணி சுற்றிய புண், துப்பாக்கியைச் சூலத்தில் சாய்த்து வைத்திருந்தாள். இலையைச் சுற்றி இடது கையால் அணை கட்டிக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தவளைப் போலச் சாப்பிட்டாள். எலும்புகளை ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போட்டாள். கடைசியில் தன் புறங்கையை நக்கினாள். மறுபடி நக்கினாள்.

அங்கப்பனுக்கு அது என்ன என்று தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் உப்பே இல்லாமல் மரவள்ளியைத் தின்றுவிட்டு அவனும் அப்படித்தான் தன் வேர்வையை நக்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவன் கத்தியை எடுக்காமலே திரும்பி நடந்தான். முதுகில் குண்டு பாயும் என்று முகாம் வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தான். பாயவில்லை. காலையில் போனபோது கத்தி கழுவித் துடைத்து இலையின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

குழந்தைவேலுவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அவன் அதிர்ச்சியடைவான் என்று நினைத்தான். அவன் பீடியைப் பற்றவைத்தான்.

"பின்ன முனி வந்து எலும்ப பொறுக்குவாருன்னு நெனச்சீங்களா மச்சான்?"

"ஒனக்கு மொதல்லயே தெரியுமாடா?"

"யாருக்குத் தெரியாது? சார்ஜனுக்குத் தெரியாதா? அந்தாளு சிகரெட்ட எதுக்கு குடுத்தான், சாமி கும்பிடவா? நம்ம பக்கம் ஒரு குண்டு வெடிச்சிருக்கா சொல்லுங்க. சாலே மாதிரி ஒங்கள பொறுக்கிப் பையில போட்டு எங்க அக்காகிட்ட குடுக்கணுமா நான்?"

"இது தெரிஞ்சா என்னை நாடு கடத்திருவான்டா. நான் செவப்பு."

"தெரியாது. நிறுத்தினாத்தான் தெரியும். ஏன் நிறுத்தினான்னு கேப்பான். முனிக்கு இன்னும் ரெண்டு புடி சேத்துப் போடுங்க, பேசாம வாங்க. நாங்கல்லாம் இருக்கோம்."

நாங்கல்லாம் இருக்கோம். எத்தனை பேரைக் குழியில் தள்ளிய வார்த்தை அது. அங்கப்பன் ஒரு வாரம் தூங்கவில்லை. நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தான். வெள்ளிக்கிழமை வந்ததும் அந்தப் புறங்கை கண் முன்னால் வந்தது. பூங்கோதைக்கும் ஏறக்குறைய அந்த வயசுதான். ரெண்டு பிடி அதிகமாகவே போட்டான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல், குழம்பில் உப்புப் போட்டான். இலையின் ஓரத்தில் தனியாகவும் ஒரு கை உப்பைத் தமிழ்ப் பேப்பர் துண்டில் மடித்து வைத்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆற்றங்கரையில் பட்டாளம் ஒரு பெண்ணைச் சுட்டது. வேறு படை, வேறு அதிகாரி. அவள் பையைக் கவிழ்த்தார்கள். பாதிச் சுருட்டு விழுந்தது, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் விழுந்தது, தமிழ்ப் பேப்பரில் மடித்த உப்பு விழுந்தது. முதலில் சிரித்தார்களாம். அன்றைக்கே முகாமுக்கு வண்டி வந்தது.

சார்ஜன் ஜக்காரியாவைத்தான் முதலில் கேட்டார்கள். படையலா, எப்போது, யார் அனுமதித்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அந்த வார்த்தையை அவர் முன்கூட்டியே பழகி வைத்திருந்தார். கோஷ்டியை வரிசையாக நிற்க வைத்தார்கள். அங்கப்பன் தானே ஒரு அடி முன்னால் வந்தான்.

விசாரித்த அதிகாரி தமிழர். சட்டை கசங்காத மனிதர். திட்டவில்லை, அடிக்கவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"யாருக்குப் போட்ட சோறு?"

"முனிக்குங்க."

"முனி பொம்பளையா?"

அங்கப்பன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இதப் பாருப்பா. சாமிக்கு வச்சேன், எவனோ திருடித் தின்னான்னு நீ சொன்னா நானும் எழுதிட்டுப் போயிருவேன். ஊருல நாய் தின்னலையா, காக்கா தின்னலையா? ஆனா ஒரு சங்கதி இடிக்குது. உங்க முனிக்கு உப்பு ஆகாதாமே?"

அங்கப்பன் நிமிர்ந்தான். "யாருங்க சொன்னது?"

"உன் மச்சான்தான். முனிக்கு உப்புப் போடமாட்டோம்யா, இவன்தான் கொஞ்ச நாளா போடறான், நான்கூட ஏன்னு கேட்டேன், பதில் சொல்லலைன்னான். மனுஷனுக்குத்தான் உப்பு வேணும். ஆக, மனுஷன் திங்கறான்னு உனக்குத் தெரியும்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைவேலு பயத்தில் உளறியிருப்பான் என்று அங்கப்பன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். காத்தாயியின் ஒரே தம்பி. அவனுக்குச் சின்னச் சின்னதாக மூன்று பிள்ளைகள்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார் அதிகாரி. "பேரச் சொல்லு. சொன்னேன்னா நீ சாட்சி. சொல்லலைன்னா நீ குற்றவாளி. உன் கார்டு விஷயம் எனக்குத் தெரியும். சாட்சிக்காரனுக்கு நான் எழுதினா நீலம் வந்துரும்."

வாழ்க்கையில் முதன்முறையாக அந்த நீலக் கார்டு கைக்கெட்டுகிற தூரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரே ஒரு பெயர்.

"நான் மட்டுந்தாங்க."

"உன் மச்சானும் அதேதான் சொன்னான். உன்னைக் காட்டி, அவன் மட்டுந்தான்னு. மாமன் மச்சான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசறீங்க, நல்ல குடும்பம்" என்று சொல்லி அதிகாரி காகிதத்தை எடுத்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வரும். எத்தனை தடவை சொன்னாலும் வரும். ஒரு மனிதன் தன்னைக் காட்டிக்கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்க மறுத்து ஜெயிலுக்குப் போகிறான், அதைத் தியாகம் என்றுகூடச் சொல்ல வழியில்லை. அவன் அதை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லையே. காத்தாயியிடம்கூடச் சொல்லவில்லை. தம்பி மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள். தடுப்பு முகாமுக்குப் பார்க்க வந்தபோதெல்லாம் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உப்ப எதுக்குங்க போட்டீங்க? ஒங்க கை சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"புத்தி இல்லாம போட்டுட்டேன்" என்பான்.

அவன் உள்ளே இருந்தபோதுதான் பாறைக் கோஷ்டி அந்தத் துவாலாங் மரத்தைத் தாண்டியது. ஆட்கள் செத்தார்கள், பிழைத்தார்கள், ரோடு முடிந்தது. யாரோ பெரியவர்கள் வந்து நாடாவை வெட்டினார்கள். குழந்தைவேலுவுக்கு ரோட்டைப் பராமரிக்கிற கோஷ்டியில் கிழக்கே ஜெலிப் பக்கம் நிரந்தர வேலை கிடைத்தது. வெளியே விடப்பட்ட அங்கப்பன் கையில் சிவப்புக் கார்டும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முத்திரை குத்துகிற ஒரு காகிதம் கொடுத்தார்கள். கிரிக் வட்டாரத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று எழுதிக் கேட்டார்களாம், எந்த நாடும் இவனை எங்கள் ஆள் என்று சொல்லவில்லையாம். ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவினான். பாறையை உடைத்த கை, எச்சில் தட்டைப் பிடித்தது. அவன் ஜெயிலில் இருந்தபோதே ஊர்க்காரர்கள் அவனுக்கு 'உப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தான்.

பூங்கோதைக்கு ஜெலியில் மாப்பிள்ளை பார்த்தது குழந்தைவேலுதான். நல்ல பையன், அரசாங்க வேலை, கல்யாணம் அங்கேதான் கோயிலில். அங்கப்பன் போலீஸ் நிலையத்தில் போய் ஒரு நாளைக்கு அனுமதி கேட்டான். அய்யா லீவு, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் வந்தால் அனுமதி மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

"அது கெடக்குது விடுங்க மச்சான்" என்றான் குழந்தைவேலு. "பட்டாளத்துக் கேட்ல எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். பஸ்ஸுல கூட்டத்தோட கூட்டமா வாங்க. பெத்த அப்பன் இல்லாம தாரை வாக்க முடியுமா?"

அந்த ரோட்டில் அப்போதெல்லாம் பகலில்தான் வண்டி விடுவார்கள். கல்யாண பஸ் விடியற்காலையிலேயே போய்க் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றது. அங்கப்பன் காத்தாயி பக்கத்தில், புதுச் சட்டையில், தாரை வார்க்கும்போது கட்டுவதற்கு வாங்கிய வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெரிந்த பையன் என்று யாரும் இல்லை. இளம் சிப்பாய் ஒருவன் ஏறி ஒவ்வொரு கார்டாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நீலம், நீலம், நீலம். இவன் காகிதத்தை வாங்கினவன் முத்திரையைப் பார்த்தான்.

"எறங்குங்க பாக்சிக்" என்றான், பெரியவர்களை மலாயில் கூப்பிடுகிற முறையில்.

"என் மகளுக்குக் கல்யாணம் தம்பி."

"எனக்கு ஆர்டர் இல்ல பாக்சிக். எறங்குங்க. பின்னால வண்டி நிக்குது."

"இந்த ரோட்டுல அந்த வளைவு வரைக்கும் பாறை ஒடச்சது நான்தான்ப்பா."

"அப்படியா" என்றான் சிப்பாய். மரியாதையாகத்தான் சொன்னான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

காத்தாயி கூடவே எழுந்தாள். "நீ உக்காரு" என்றான் அங்கப்பன். "புள்ளைக்கு நீயாவது வேணும்." அவள் உட்காரவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் சீட்டில் பட்டும் பூவுமாக இருந்த பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வராதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னாள். உப்பு மகள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்த பெண் அவள்.

குழந்தைவேலு கூடவே இறங்கி வந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுக்கமாகக் கூட்டிப்போனான்.

"மச்சான், மனசுல வச்சுக்காதீங்க. முகூர்த்தத்துக்கு நேரம் கம்மியா இருக்கு. நானும் என் சம்சாரமும் ஒக்காந்து தாரை வாத்துக் குடுத்துடறோம். அக்கா தனியா மணையில ஒக்கார முடியாதில்ல. மாப்பிள்ளை வீட்டுல போன வாரமே சொல்லி வச்சுட்டேன், அவங்களுக்கும் சம்மதம்."

அங்கப்பன் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தான். பஸ்ஸில் மற்ற ஆண்கள் எல்லாரும் சிலுவார் கால்சட்டையில் இருந்தார்கள். குழந்தைவேலு ஒருவன்தான் விடியற்காலையிலேயே கரை போட்ட பட்டு வேட்டி கட்டியிருந்தான்.

"போன வாரமேவா?"

"ஒரு பேச்சுக்குத்தான். ஒருவேளை விடலைன்னா..."

"கேட்ல தெரிஞ்ச பையன் இருக்கான்னு சொன்னியே."

குழந்தைவேலு கீழே பார்த்தான். "மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க மச்சான். அப்பன் ஜெயில்ல இருந்தவராமேன்னு. பந்தியில நாலு பேரு பேசுவாங்க. புள்ளை வாழ்க்கைய பாக்க வேணாமா நாம? வரவேணான்னா எங்க அக்கா கேக்கமாட்டா. அதனாலதான்..."

"அந்த பஸ்ஸுல ஏறி ஒரு வார்த்தை சொல்லவாடா?"

"என்ன வார்த்தை?"

"ரெண்டு புடி சேத்துப் போடுங்கன்னு எனக்குச் சொன்னது யாருன்னு. நான் ஒருத்தன்தான்னு அந்த அதிகாரிகிட்ட போய்ச் சொன்னது யாருன்னு."

குழந்தைவேலுவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷமும் அங்கப்பனுக்கு அது தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சிப்பாய் விசில் அடித்தான். பஸ் ஜன்னலிலிருந்து பூங்கோதையின் தலை வெளியே வந்தது.

"மாமா, நேரமாச்சு, வாங்க."

அங்கப்பன் மகளைப் பார்த்தான். அவள் மாமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ" என்றான் அங்கப்பன். "புள்ள கூப்புடுது பாரு."

தன் கையிலிருந்த வேட்டியையும் அவனிடமே கொடுத்தான். மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நீயே வைத்துக்கொள், எனக்கு எதற்கு என்றான். குழந்தைவேலு அதை வாங்கிக்கொண்டான். வாங்கியிருக்கக் கூடாது, ஆனால் வாங்கிக்கொண்டான். பஸ் கேட்டைத் தாண்டிப் போயிற்று. கடைசி ஜன்னலில் காத்தாயி கையை ஆட்டவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே போனாள்.

இங்கே நடந்து போகக் கூடாது, லாரி ஏதாவது வந்தால் ஏற்றிவிடுகிறேன் என்றான் சிப்பாய். கிரிக் பக்கம் போகிற லாரி மதியம்தான் வந்தது. அதற்குள் ஜெலியில் தாலி ஏறியிருக்கும், முதல் பந்தியும் எழுந்திருக்கும். டிரைவர் இவன் புதுச் சட்டையைப் பார்த்து, "என்ன அண்ணே, எங்கயாச்சும் விசேஷமா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றான் அங்கப்பன். கடைக்கு நேரமாகிவிட்டது, மங்கு குவிந்து கிடக்கும் என்றான்.